யசோதினியின் குடியை மாற்றிய இரண்டு வரிகள்

கோணாமலை அண்ணன், உங்கள் கல்யாணப் பொருத்த சேவைக்கு நான் எழுதித் தந்த செயலி ஆறு வருடமாக ஒருநாள்கூடப் படுத்ததில்லை. மற்றதைப் பேசுமுன் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வேலைக்கு வந்த நிலோஜன் செயலியின் கோடிங்குக்குள் கண்டுபிடித்த இரண்டு வரிகளும் நான் எழுதியவைதான்.

யசோதினி கல்லடியில் டீச்சர். தன் விவரங்களைப் பதிய அலுவலகத்துக்கு வந்த அன்றே அவளை எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் என் அக்காவுக்கு அப்போது கல்யாணமாகவில்லை. அக்காவை வைத்துக்கொண்டு தம்பி முந்தினால் ஊர் வாயை யார் மூடுவது? ஆகவே யசோதினி கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதை அவளிடம் சொல்லித் தொந்தரவு செய்யவில்லை.

சாதகம் பொருந்தாவிட்டால் பரிகாரம் சொல்ல ஐயர் இருக்கிறார். தாய்வழியில் வரும் குலம், அதாவது குடி, ஒன்றாகிவிட்டால் நம் பக்கத்தில் பரிகாரமே இல்லை, அண்ணன் தங்கை முறை. யாராவது அவளுக்கு ‘விருப்பம்’ அழுத்தினால், முதல் வரி டேட்டாபேசில் அவள் குடியை அவனுடைய குடியாக மாற்றும். அவன் வீட்டார் பார்த்து மறுத்ததும், இரண்டாம் வரி பழைய குடியைத் திருப்பி வைக்கும். கையால் மாற்றினால் என் பெயர் பதிவாகும். செயலி மாற்றினால் செயலியின் பெயர்தான். கலிங்ககுடி, பணிக்கனாகுடி என்று பதினேழு மாப்பிள்ளைகள் வந்தார்கள். பதினேழு பேரும் அண்ணன்மாராகத் திரும்பிப் போனார்கள்.

நான் கல்நெஞ்சன் இல்லை. “என்னில என்ன குறை எண்டு அவங்க ஏதும் சொன்னாங்களா?” என்று அவள் ஒருமுறை போனில் கேட்டபோது பாவமாக இருந்தது. ஒவ்வொரு மறுப்புக்கும் பிறகு புதுப் படம் அனுப்புவாள். கடைசிப் படத்தில் சிரிப்பே இல்லை. வெளிச்சம் கூட்டி நான்தான் ஏற்றினேன்.

போன மாதம் அக்காவுக்குக் கல்யாணம் முடிந்தது, நம் செயலி மூலமாகத்தான். அந்தக் கிழமையே என் பெயரில் ‘விருப்பம்’ அழுத்தி, போனை அம்மாவிடம் நீட்டினேன்.

“என்ன மனே இது? நம்மட குடிதானே. உனக்குத் தங்கச்சி முறை.”

‘மதுரனைத் தவிர’ என்று என் பெயருக்கு ஒரு நிபந்தனை எழுத மறந்திருந்தேன். செயலியில் ஏதோ பிழை என்றேன்.

“அது பிழையே விடாதெண்டு நீதானே சொன்ன” என்று அம்மா மறுப்பை அழுத்தினா. இரண்டாம் வரி ஒழுங்காக வேலை செய்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். அம்மா என்னைப் பற்றி என்ன நினைப்பா?

யசோதினிக்கு இப்போது முப்பத்தைந்து. அந்த வரிகளை இன்றே அழிக்கச் சொல்கிறீர்கள். அழிக்கலாம். ஆனால் வாறவன் போறவனுக்கெல்லாம் அவளைக் கட்டிக்கொடுக்க முடியுமா? அண்ணன் முறையாகிவிட்டேன், எனக்கும் ஒரு பொறுப்பிருக்கிறது. தகுந்த மாப்பிள்ளை வரும்வரை அவை இருக்கட்டும்.