மணியை முழுச் சேதம் என்று சொன்னவன் நான்

எத்திராஜ், வயது 57, தகப்பனார் பெயர் ராசையா, தொழில் மீன் ஏலம் கூறுதல், எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய குப்பம், திருவொற்றியூர் வட்டம்.

நான் மேற்படி விலாசத்தில் பிறந்தது முதல் குடியிருந்து வருகிறேன். ஆறாவது வரை படித்தேன். என் அறிவைத் தாங்க முடியாமல் வாத்தியாரே அனுப்பிவிட்டார். காசிமேட்டில் நான் ஏலம் கூறினால் ராயபுரம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். என் தங்கை புஷ்பவல்லியின் மகன் மணி, வயது 27, பத்து நாளாக அரசு மனநல மருத்துவமனையில் இருக்கிறான். அவனைத் தவறாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று தங்கை மனு கொடுத்திருக்கிறாள். நாளை அது மாஜிஸ்திரேட் அய்யா முன்பு வருகிறது. அது சம்பந்தமாக உதவி ஆய்வாளர் அய்யா என்னை இன்று விசாரித்தார்.

சென்ற மாதம் புயல் எச்சரிக்கை வந்த அன்று காலையில் மணியும் அவனுடைய தோஸ்து லட்சுமணனும் எங்கள் ஃபைபர் படகை உள்ளே கொண்டுவந்து கட்டுவதற்காக முகத்துவாரத்துக்குப் போனார்கள். பனைமர உயரத்துக்கு ஒரு அலை வந்து படகைக் கவிழ்த்ததை நான் கரையில் நின்று கண்ணால் பார்த்தேன். "நெஜமா பாத்தியா?" என்று அய்யா கேட்டார். நான் அப்போது டீக்கடையில் இருந்தேன். அலை பெரியது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மணி கரை சேர்ந்தான். லட்சுமணனின் கையை மணி பிடித்துக்கொண்டே நீந்தியதாகவும் வழியில் அது நழுவியதாகவும் சொன்னான். லட்சுமணனின் உடல் மறுநாள் கிடைத்தது.

அதன் பிறகு குப்பத்தில் தண்ணீர் ஏறியதால் எங்களைத் திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்க வைத்தார்கள். அங்கே மணி யாரோடும் பேசவில்லை. சோற்றைப் பிசைவான், சாப்பிட மாட்டான். வலது கையை மட்டும் குழாயில் கழுவிக்கொண்டே இருந்தான். ஏன்டா என்று கேட்டதற்கு, "வழுக்கிகினே கீது மாமா" என்றான்.

மண்டபத்துக்கு வந்த ஐந்தாம் நாள் ஐரீன் மேடம் என்ற மனநல ஆலோசகர் கையில் படிவத்தோடு மண்டபத்துக்கு வந்து ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேசினார். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முந்தைய புயலில் படகுச் சேதம் எழுத வந்தவர்களிடம் குப்பத்திலேயே நான் ஒருவன்தான் 'பாதிச் சேதம்' என்று உள்ளதைச் சொன்னேன். முழுச் சேதம் என்று சொன்னவர்களுக்கெல்லாம் புதுப் படகு வந்தது, எனக்கு ஓட்டை அடைக்க ஒரு டப்பா பசை வந்தது. அன்று முதல் படிவத்தோடு யார் வந்தாலும் முழுச் சேதம் என்றுதான் சொல்வது. மேடம் மணியைக் கேட்டார், அவன் வாயைத் திறக்கவில்லை, ஆகவே நான் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"தூங்குறாரா?"

"தூக்கமா? புயலுக்கு அப்பால கண்ணே மூடலம்மா."

"கோவம் வருதா? யாரையாவது அடிக்கிறாரா?"

மூன்று பேரை அடித்தான் என்றும், அதில் ஒருவருக்குப் பல் போனது என்றும், மண்டபத்து ஜன்னல் கம்பியை வெறுங்கையால் வளைத்தான் என்றும் சொன்னேன். வளைந்த கம்பி ஒன்று அங்கே ஏற்கெனவே இருந்தது, அதைக் காட்டினேன்.

என் தங்கை என் சட்டையை இழுத்து, "இன்னாண்ணா இப்டி அள்ளி வுடுற? புள்ளய பைத்தியம்னு எழுதிகினு பூடுவாங்க" என்றாள்.

"நீ கம்முனு கெட. எழுதுறவங்ககிட்ட எப்டி பேசணும்னு எனக்குத் தெரியும்."

மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அண்ணே, இது நிவாரண லிஸ்ட் இல்ல. உள்ளது தெரிஞ்சாதான் அவருக்கு ஒதவ முடியும்" என்றார். எல்லா அதிகாரிகளும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு, சொன்னதையே திரும்பவும் சொன்னேன்.

அதன் பிறகு அன்று மாலையே ஒரு டாக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும் வேனில் வந்தார்கள். மணி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தான். அடிக்கிற ஆள் என்று எழுதியிருந்ததால் இரண்டு கையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். வலது கையை மட்டும் விடச் சொல்லிக் கேட்டான், அவர்கள் விடவில்லை.

இன்றைய விசாரணையில், நான் சொன்னதில் எதெல்லாம் பொய் என்று அய்யா கேட்டார். அடித்தது பொய். பல் பொய். கம்பி பொய். சாப்பிடாதது நிஜம். கண்ணே மூடவில்லை என்றது எதில் சேரும் என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது, ஏனென்றால் நான் தூங்கிவிட்டேன்.

"அப்ப பையன் நல்லாதான் கீறான்னு எழுதிடலாமா?" என்றார். எழுதுங்கள் என்றேன். அவர் எழுத ஆரம்பித்த பிறகு நிறுத்தச் சொன்னேன்.

மேடம் கடைசியாக ஒன்று கேட்டிருந்தார், உயிரை விடுவது பற்றி மணி ஏதாவது பேசினானா என்று. "சேச்சே, எங்க வூட்ல அந்தப் பேச்சே கெடையாது" என்றேன். மற்றதையெல்லாம் ஏற்றிச் சொன்ன நான் இதை மட்டும் ஏன் இல்லை என்றேன் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. மேடம் வருவதற்கு முந்தின நாள் விடிந்த பிறகு, மண்டபத்துக்குப் பக்கத்தில் கல் கொட்டிய கடற்கரையைத் தாண்டி மணி சட்டையோடு மார்பளவு தண்ணீரில் நின்றான். ஏறி வாடா என்றேன். "நீ போ மாமா. லட்சுமணன் தனியா கீறான், நான் போய் பாக்கணும்" என்றான். பாய்ந்து இழுத்து வந்தேன் என்று சொல்லத்தான் வாய் வருகிறது. நான் பாயவில்லை. கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன், கால் வரவில்லை. அவனாகவே வெகு நேரம் கழித்து வெளியே வந்து, ஈரத்தோடு என் பக்கத்தில் உட்கார்ந்தான். இதை இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை.

என் பொய்யால் அவனை அடிக்கிற ஆள் என்று பிடித்தார்கள். அதை நீக்கிவிடவும், அவன் கையை யாரும் பிடிக்க வேண்டாம். ஆனால் நான் சொன்னது பொய் என்பதற்காக நாளைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பவும் வேண்டாம். கரையில் நடந்ததை முதலில் டாக்டரும் ஐரீன் மேடமும் படிக்கட்டும். என் தங்கை அவனுக்கு மாற்றுச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கும் இதை அய்யாவே படித்துக் காட்ட வேண்டும். நான் சொன்னால் நம்ப மாட்டாள்.

மேலே பொய் என்று நானே ஒப்புக்கொண்டவை நீங்கலாக மற்றவை நான் அறிந்தவரை உண்மை. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) ரா. எத்திராஜ்