கரண்டு போனதால் தள்ளிப்போன கல்யாணம்

பவர்கட் உச்சத்தில் இருந்த வருடம். களியக்காவிளை பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் ஒரு தாயும், ஆராய்ச்சி படிக்கும் மகளும் இருந்தார்கள்.

"கரண்டு போனதுல எனக்க என்சைம் பூரா செத்துப்போச்சும்மா. ஃபிரிட்ஜுல வச்சிருந்தேன். காலேஜு ஜெனரேட்டர்ல டீசல் இல்லியாம்."

"அதுதான் கரண்டு உண்டாக்கும்னு சொன்னிய மக்ளே?"

"ஆமா. பேட்டரி மாதிரி ஒரு செல்லு இருக்கு, அதுல ஹைட்ரஜன விட்டா, என்சைம் அதுலயிருந்து கரண்டு எடுக்கும். அந்தக் கரண்டுலயே மறுபக்கம் மருந்து செய்யதுக்கு வேண்டிய சரக்கு உண்டாவும்."

"அப்போ அந்தக் கரண்ட ஃபிரிட்ஜுக்குக் குடுக்க வேண்டியதுதான?"

மகள் நெற்றியை ஜன்னல் கம்பியில் சாய்த்துக்கொண்டாள்.

"அது ஒரு குண்டு பல்புக்கே காணாதும்மா. எத்தன தடவ சொல்லது?"

"பின்ன இதுக்கா கல்யாணத்தத் தள்ளிப்போட்ட?"

மகள் கண்ணைத் துடைத்தாள். பேருந்து தக்கலை தாண்டியதும் தாய் கேட்டாள்.

"இனி மொதல்லயிருந்தா?"

"மொதல்லயிருந்துதான்."

தாய் பெருமூச்சு விட்டு, கைப்பையிலிருந்து செல்போனை எடுத்தாள்.

"அண்ணே, மாப்பிள வீட்டுல சொல்லிருங்க. இன்னும் ஒரு வருசம் ஆவும்... கரண்டு போச்சுண்ணே, அதான்... கரண்டு போனா கல்யாணம் ஏன் தள்ளும்னா? அது ஒங்களுக்குச் சொன்னா வெளங்காது, வையுங்க போன."