சாக்கட்டிக் குறி

சிதம்பரம் ஸ்டேஷனில் இப்போது காப்பி நன்றாக இருப்பதில்லை. நாங்கள் படித்த நாளில் வண்டி ஊதினாலும் டம்ளரைக் கீழே வைக்க மனம் வராது. இந்த மாசியில், இருபத்திரண்டு வருஷம் கழித்துப் போய் இறங்கி, ஆசையாக ஒரு காப்பி வாங்கிப் பாதியைத் தண்டவாளத்தில் கொட்டினேன். நொத்தேர் ஐயா, நீங்கள் எழுதும் பத்திரத்துக்கு இது தேவையில்லை என்றால் விட்டுவிடுங்கள். நான் ஒன்றும் கலங்கிப்போய் அந்த ஊருக்குப் போகவில்லை என்பது தெரியட்டும் என்றுதான் சொன்னேன்.

என் பெயர் குஞ்சிதபாதம். வயது நாற்பத்து மூன்று. காரைக்கால் தலத்தெருவில் குடியிருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இருந்தவரை பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதினேன். போன ஐப்பசியில் அவர்கள் கப்பல் ஏறிய பிறகும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதையே எழுதுகிறேன். ஆகையால் ஒரு விஷயத்தை எப்படி முறையாகப் பதிவு செய்வது என்று எனக்குத் தெரியும். இதை உறையிலிட்டு அரக்கு முத்திரை வையுங்கள். நானும், இதில் வருகிறவர்களில் இன்று உயிரோடிருக்கும் மற்ற இருவரும் காலமான பிறகுதான் பிரிக்க வேண்டும்.

1930 முதல் 33 வரை சிதம்பரத்தில் பி.ஏ. படித்தேன். விடுதியில் ஒரே அறையில் மூன்று பேர். பீர் மைதீன் எங்கள் காரைக்கால்காரன். அவன் வாப்பாவுக்குக் கடைத்தெருவில் பட்டும் சரிகையும் விற்கிற கடை. இன்னொருவன் நீலகண்டன், மன்னார்குடிப் பக்கத்துப் பள்ளி வாத்தியார் மகன். கணக்கில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. படுத்துக்கொண்டே விரலால் காற்றில் கணக்குப் போடுவான். போட்டு முடித்ததும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிப்பான். எனக்குக் கணக்கு வராது. அந்தச் சிரிப்புக்காகப் புரிந்ததுபோல் தலையாட்டுவேன்.

நீலகண்டனிடம் இரண்டே சட்டைகள்தான் இருந்தன. ஒருநாள் மைதீன் மூன்றாவதாக ஒன்றைக் கொடுத்து, "எனக்கு இறுக்கிப் புடிக்கிதுடா, நீ போட்டுக்க" என்றான். அது நீலகண்டன் அளவுக்கே தைத்த சட்டை. அவன் தூங்கும்போது மைதீன் நூல்பிடித்து அளவெடுத்ததை நான் பார்த்திருந்தேன். அப்படியெல்லாம் செய்ய எனக்குத் தோன்றியதே இல்லை. தோன்றியிருந்தால் நானும் செய்திருப்பேன்.

கடைசி வருஷத்தில், சென்னையில் ஒரு தர்மஸ்தாபனம் நீலகண்டனை மேல்படிப்புக்கு லண்டன் அனுப்ப முன்வந்தது. பரீட்சை எழுதி முதல் வகுப்பு வாங்க வேண்டும், நன்னடத்தைச் சான்று வேண்டும், அவ்வளவுதான். நான்கு வருஷம். திரும்பி வந்தாலும் டில்லி, கல்கத்தா என்று போய்விடுவான். இந்தச் செய்தியை அவன் முதலில் மைதீனிடம் சொன்னான். எனக்குச் சாயங்காலம் தெரிந்தது.

அந்த வருஷ மாசி மகத்துக்கு மூவரும் காரைக்கால் வந்தோம். மைதீன் வீட்டில் தங்கினோம். சரிகைப் பெட்டிகள் அடுக்கியிருந்த கூடத்திலேயே பாய் விரித்துப் படுத்தோம். மறுநாள் காலை வண்டியில் திரும்பினோம்.

அப்போது பேரளத்தில் வண்டி மாற வேண்டும். காரைக்கால் பிரெஞ்சு மண். இங்கே சரிகைக்குத் தீர்வை கிடையாது, எல்லை தாண்டினால் கடுமையான தீர்வை. அதனால் பேரளத்தில் பிரிட்டிஷ் சர்க்காரின் சுங்கக்காரர்கள் பெட்டிகளைத் திறந்து பார்ப்பார்கள். பார்த்த பெட்டியின்மேல் சாக்கட்டியால் பெருக்கல் குறி போடுவார்கள். குறி இருந்தால் மாயவரம் வண்டியில் ஏற்றலாம். இல்லாவிட்டால் ஏறும் இடத்தில் இன்னொருவர் நிறுத்தித் திறக்கச் சொல்வார். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. "காலேஜ் புள்ளைங்களா? போங்க போங்க" என்று திறக்காமலே குறி போட்டுவிடுவார்கள்.

அன்றைக்கும் மூன்று பெட்டிகளுக்கும் குறி போட்டார்கள். ஆனால் ஏறும் இடத்தில் நீலகண்டன் பெட்டியில் குறி இல்லை. திறந்தார்கள். வேட்டிக்கு அடியில் ஏழு சரிகைச் சுருள்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் மைதீன் வாப்பாவின் கடைச் சீட்டு ஒட்டியிருந்தது.

நீலகண்டன் என்னைப் பார்க்கவில்லை. மைதீனைப் பார்த்தான். மைதீன், "நான் வைக்கலடா" என்றான். மூன்று முறை சொன்னான்.

நீலகண்டன் யார் பெயரையும் சொல்லவில்லை. பன்னிரண்டு நாள் மாயவரம் சப்ஜெயிலில் இருந்தான். அதற்குள் பரீட்சை தொடங்கி முடிந்துவிட்டது. பிறகு அபராதத்தோடு விட்டார்கள். லண்டனுக்கு வேறு எவனோ போனான். நானும் அந்தப் பரீட்சைக்குப் போகவில்லை; மாயவரத்திலேயே தங்கி வேளாவேளைக்குச் சாப்பாடு எடுத்துப்போனேன். செப்டம்பரில் எழுதித் தேறினேன். சிநேகிதன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று வார்டர்கூடச் சொன்னார். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் சாப்பிடுவான், இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருப்பேன். அவனுக்கு என்னைத் தவிர யாரும் இல்லை. உண்மையைச் சொல்வதென்றால் என் வாழ்நாளில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தது அந்தப் பன்னிரண்டு நாட்கள்தான்.

சரிகையைப் பெட்டிக்குள் வைத்தவன் நான்.

பேனாவை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள், ஐயா. அது அப்படியொன்றும் பெரிய குற்றம் இல்லை. அந்த நாளில் காரைக்கால்காரர்களில் ஒரு சுருள் சரிகை கடத்தாதவர் யார்? என் தங்கை கல்யாணப் புடவைக்கு வேண்டியிருந்தது. மைதீன் விடியற்காலைத் தொழுகைக்குப் போனதும் கூடத்துச் சரிகைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். நீலகண்டன் பெட்டியில் இடம் இருந்தது. இவ்வளவோடு நின்றிருந்தால் உங்களிடம் வந்திருக்கவே மாட்டேன்.

பேரளம் பிளாட்பாரத்தில் நீலகண்டன் தண்ணீர் பிடிக்கப் போனான். மைதீன் சாமான்களை எண்ணிக்கொண்டிருந்தான். என் தோளில் ஈரத் துண்டு இருந்தது. நீலகண்டன் பெட்டியை நகர்த்தி வைப்பதுபோல் குனிந்து, அந்தக் குறியைத் துடைத்தேன். ஒரே ஒரு தரம்தான் துடைத்தேன். அது அத்தனை சுலபமாகப் போய்விடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் தங்கையின் கல்யாணம் அதற்கு முந்தைய தையிலேயே முடிந்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மைதீன்மேல் பழி விழுந்தது தற்செயல். ஏழை இந்துப் பையன் பெட்டியை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று வியாபாரி மகன் கணக்குப் போட்டுவிட்டான் என்று எல்லோரும் பேசினார்கள். நான் பேசவில்லை. மறுக்கவும் இல்லை. மைதீன் படிப்பை விட்டுவிட்டு சைகோனுக்குக் கப்பல் ஏறினான். அங்கிருந்து நீலகண்டனுக்கு ஒரு கடிதம் எழுதினான். நீலகண்டன் அதைப் பிரிக்காமலே கிழித்துப் போட்டுவிட்டதாக எனக்கு எழுதினான்.

ஆம், எனக்கு எழுதினான். வாராவாரம் எழுதினான். அவன் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. அப்பா முகத்தில் விழிக்க முடியாது என்று சிதம்பரத்திலேயே தங்கி, பையன்களுக்குக் கணக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தான். அவனிடம் படித்தவர்களில் மூன்று பேர் லண்டனுக்குப் போனார்கள். நான் ஒரு தடவையும் போய்ப் பார்த்ததில்லை. கடிதங்கள் எனக்குப் போதுமானதாக இருந்தன.

இந்தத் தையில் அவன் நெஞ்சுவலி என்று எழுதினான். "சுங்கமும் போயிடிச்சு, எல்லை தாண்டுற பர்மிட்டும் போயிடிச்சு, இன்னும் என்னடா சாக்கு? ஒரு தரம் வந்துட்டுப் போ" என்று எழுதியிருந்தான். அப்போதுதான் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வாக்கியத்தையும் தயார் செய்துகொண்டேன். 'அதைச் செய்தது மைதீன் இல்லை, நான்.' ஐந்தே சொல். வண்டி பேரளத்தில் நின்றபோது என் பெட்டியை யாரும் கேட்கவில்லை. மாயவரம் வண்டியில் ஏறி உட்கார்ந்து அந்தப் பிளாட்பாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீலகண்டன் கீழவீதியில் ஒரு மாடி அறையில் இருக்கிறான். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிக்கொண்டான். என்ன எடை இருப்பான் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் பழைய விடுதிவரை நடந்தோம். பத்தடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினான். எங்கள் அறை ஜன்னலில் யாருடைய துண்டோ காய்ந்துகொண்டிருந்தது. எதிரே வாகை மரத்தடியில் உட்கார்ந்தோம். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். அவன் முந்திக்கொண்டான்.

"மைதீன் இன்னும் சைகோன்லதான் இருக்கானா?"

"இல்ல. ஒடம்பு முடியாம ஊருக்கு வந்துட்டான். வந்த எடத்துல... தவறிட்டான். நாலு வருஷம் ஆச்சு."

"நீ எழுதவே இல்லையேடா."

"ஒனக்கு அவன் பேரே ஆவாதேன்னுதான் எழுதல."

அவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அந்த வயதில் ஓர் ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"லண்டன் போகலைன்னு நான் ஒரு நாளும் அழுவலடா. அவன் ஏன் அப்படிச் செஞ்சான்னுதான் எனக்குப் புரியவே இல்ல. எனக்குச் சட்டை தைச்சுக் குடுத்தவன்டா அவன். அந்தக் கடுதாசியப் பிரிச்சாவது பாத்திருக்கலாம்."

ஐந்து சொல்லும் என் நாக்கிலேயே இருந்தன. ஆனால் அதிர்ச்சி தரும் எதையும் அவனிடம் சொல்லக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. இருபத்திரண்டு வருஷமாக வாராவாரம் அவனுக்குக் கடிதம் எழுதியவன் நான். அவன் அழுததோ மைதீனுக்காக.

மறுநாள் காலை அவன் மைதீன் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி என்னிடம் கொடுத்தான். 'சகோதரிக்கு, அறியாத வயதில் மைதீன் செய்ததை நான் முழு மனதோடு மன்னித்துவிட்டேன். இத்தனை காலம் மன்னிக்காமல் இருந்ததற்கு நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும்.' இவ்வளவுதான். எடுத்துப்போய்க் கொடுக்க மாட்டேன் என்று நான் எப்படிச் சொல்வது?

மைதீன் மனைவி மெஹர் பானுவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெரிய பள்ளிவாசல் பக்கத்துச் சந்தில் தையல் மிஷின் வைத்திருக்கிற அம்மா. கதவுக்குப் பின்னால் நின்று, "வாங்கண்ணே, உக்காருங்க" என்றாள். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கதவை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

"செய்யாத குத்தத்துக்கு எதுக்குண்ணே மன்னிப்பு? மவுத்தாவறதுக்கு மொதநாளு எங் கையப் புடிச்சிக்கிட்டு, 'நீயாச்சும் நம்புறியா மெஹரு'ன்னு கேட்டாங்க. நம்புறேன்னு சொன்னேன். ஊரே ஒரு மாதிரி பேசுச்சு, எங்க வாப்பாகூடப் பேசுனாங்க. நான் நம்புனேன். நீங்க கூடவே இருந்தவங்க. நீங்க சொல்லுங்கண்ணே. அவங்க செஞ்சிருப்பாங்களா?"

நான் நிதானமாக யோசித்தேன். இல்லை என்று சொன்னால் இவள் அதை நீலகண்டனுக்கு எழுதுவாள். பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் மூன்றே பேர். மூன்றில் இரண்டு போனால் மீதி என்ன என்று ஒரு கணக்கு வாத்தியாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"வயசு அப்படிம்மா," என்றேன். "அதுக்காக மைதீன் கெட்டவன்னு ஆயிடுமா?"

அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாக, என்னிடம் கேட்பதுபோல்கூட இல்லாமல், "அப்ப எங்கிட்டயும் பொய் சொல்லிட்டுத்தான் போனாங்களா?" என்றாள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அந்த அண்ணனுக்கு ரொம்பப் பெரிய மனசு. நாங்க ஏத்துக்கிட்டோம்னு எழுதிப் போடுங்க."

அன்றைக்கே எழுதிப் போட்டேன். நான்காம் நாள் பதில் வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கியதாக நீலகண்டன் எழுதியிருந்தான். இப்போதெல்லாம் வாரத்துக்கு இரண்டு கடிதம் எழுதுகிறான். மெஹர் பானு தையல் மிஷினை விற்றுவிட்டு நாகூரில் தம்பி வீட்டுக்குப் போகப்போவதாகக் கேள்வி. மைதீனை அடக்கிய கபருக்கு அவள் இப்போது போவதில்லை என்றும் சொல்கிறார்கள்.

ஆக, ஐயா, சரிகையை எடுத்தவன் நான். வைத்தவன் நான். குறியை அழித்தவன் நான். நீலகண்டன் ஊரை விட்டுப் போகக்கூடாது என்பதற்காகச் செய்தேன். பேரளத்தில் அவன் பார்த்த அந்தப் பார்வை மைதீன்மேல் விழ வேண்டும் என்பதற்காகக் கடைச் சீட்டுகளைப் பிய்க்காமல் வைத்தேன். தற்செயல் என்று சற்றுமுன் சொன்னதை அடித்துவிடுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

போடுவதற்கு முன் ஒரு வரி மட்டும் சேர்க்க வேண்டும். பிரிந்துபோன அந்த இரண்டு சிநேகிதர்களையும் கடைசியில் சமாதானம் செய்து வைத்தவனும் நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.