பன்னிரண்டு கைரேகைகள்

— சத்தமாப் பேசுங்க லாலா. திரையில அண்ணனோட வாய் மட்டும்தான் அசையுது.

— இப்பக் கேக்குதா, ஹஷ்மத் ஜான்? காபூல் செஞ்சிலுவை ஆபீஸ்ல உக்காந்திருக்கேன். விடியக்காலையே பஸ் ஏறிட்டேன்.

— வேடிக்கையைப் பாருங்க. நம்ம வீட்டு மாடியில நின்னா இந்த அந்நியப் பட்டாளத்துச் சிறையோட விளக்கு தெரியும். என் மூஞ்சியைப் பாக்க மட்டும் நீங்க காபூல் போகணும்!

— இளைச்சுட்டியேடா தம்பி. உன் சம்சாரம் நூரியாவும் பிள்ளைங்களும் சௌக்கியம். தோட்டத்துல திராட்சை இந்த வருஷம் கொத்துக் கொத்தாத் தொங்குது.

— தெரியும். சாயங்காலக் காத்துல வாசனை இங்க வருது. எங்க கூண்டுக்கு மேற்கால இருக்கிற வாசல்—

— முகாம் அமைப்பைப் பத்திப் பேசக் கூடாது. இன்னொரு தடவை பேசினா திரையை அணைச்சுருவாங்க.

— மன்னிச்சுக்கங்க, மொழிபெயர்ப்பாளர் ஐயா. லாலா, பக்கத்துல ஒருத்தர் உக்காந்து நாம பேசறதை எல்லாம் எழுதறார். பாத்துப் பேசுங்க.

— அந்த ஃபோன் பத்தி இன்னும் கேக்கறாங்களா?

— ஆறு வருஷமா அதே கேள்விதான். பெஷாவருக்கு உலர்திராட்சை விக்கப் போய் அங்கேயே பிடிபட்டவன் பையில, சண்டைக்காரங்க நம்பர் இருந்த இந்த ஃபோன் எப்படி வந்துச்சு? சந்தையில வாங்கினேன். அடிச்சாலும் அதே பதில்தான்.

— அதையே சொல்லு. மாத்தாதே.

— அதை விடுங்க. வக்கீல் வந்தாரா? இந்தப் பட்டாளத்துக்காரங்க நாட்டு நீதிபதி என்ன சொன்னாராம்?

— வெளியில பிடிச்சுக் கொண்டு வந்த வெளிநாட்டுக்காரங்க மனுவை விசாரிப்பாராம். ஆப்கானியன்னா அவருக்கு அதிகாரம் இல்லையாம். உன் மனு தள்ளுபடி.

— நம்ம ஊர் நீதிபதி?

— அவங்க பிடிச்ச ஆளு, அவங்க கோர்ட்டுக்கே போங்கிறார்.

— நல்லா இருக்கே! ரெண்டு வீட்டுக்கும் வேண்டாத விருந்தாளி. இருங்க லாலா, நான்தான் பெஷாவர் அகதி முகாம்ல பிறந்தவனாச்சே. அங்க பிறந்தா பாகிஸ்தான்காரன்தான், மனுவை விசாரிச்சாகணும்னு வக்கீலே சொன்னாரே. அம்மா பெட்டியில இருந்த பிறப்புச் சீட்டைக் கொடுக்கலையா?

— பெட்டியில எலி புகுந்துருச்சுப்பா.

— தகரப் பெட்டிக்குள்ள எலியா?

— சீட்டு போனா என்ன? ஊர்ப் பெரியவங்க பன்னெண்டு பேர் ரேகை வச்சு அந்தக் கோர்ட்டுக்கே கொடுத்திருக்கோம். 'ஹஷ்மத் நல்லவன், இந்த மண்ணுல பிறந்தவன்'னு. ஊரே ஜாமீன் நின்னா ஆளை விடறதுதானே நம்ம வழக்கம்?

— ஐயோ லாலா! 'இந்த மண்ணுல பிறந்தவன்'ங்கிற அந்த ஒரு வார்த்தைதானே எனக்குக் கதவைச் சாத்திருச்சு! சரி, தெரியாமப் பண்ணிட்டீங்க. பெஷாவர் ஆஸ்பத்திரிக்குப் போய் நகல் வாங்குங்க.

— வாங்க முடியாது.

— ஏன்?

— பெரியப்பா மகன் காதிர், நம்ம தோட்டத்தைக் கேட்டு வழக்குப் போட்டிருக்கான். 'இவங்க பாகிஸ்தான்காரங்க, இவங்களுக்கு இங்க ஏது நிலம்'னு கேக்கறான். அந்தச் சீட்டு வெளிய வந்தா அவனுக்கு நாமளே வழி விட்ட மாதிரி.

— அப்ப எலி தின்னலை.

— அடுப்புல போட்டேன்.

— ரேகை வைக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?

— முன்னாடி.

— சீட்டு இருந்தா மனு நிக்கும்னு வக்கீல் சொன்னதுக்கு அப்புறமா?

— அப்புறம்தான். என்னடா பண்ணச் சொல்றே? உன் பிள்ளைங்களும் அந்தத் தோட்டத்துச் சோறுதானே சாப்பிடுது? நீ எப்படியும் ஒரு நாள் வந்துருவே, ஹஷ்மத் ஜான்.

— எப்படியும்னா எப்படி? நீதிபதி கேக்காம யார் விடுவா? என்னைப் பிடிச்சவன் அந்நியன். அவன் அடிச்சான், தாங்கிக்கிட்டேன். கூடப் பிறந்தவன் நீ, தெரிஞ்சே என்னைப் புதைச்சுட்டியே!

— அண்ணனை 'நீ'ங்கிறியா?

— நீ அண்ணன்ங்கிறதை ஆறு வருஷம் நான் மறக்கலை. வாயைத் திறக்காம இருந்தேனே, யாருக்காக? முதல் ரேகை யாருது?

— ஹஷ்மத்...

— யாருது?

— என்னுதுதான்.

— மொழிபெயர்ப்பாளர் ஐயா, பேனாவை எடுங்க.

— வேணாம்டா! உன் கால்ல விழறேன், அதை மட்டும் சொல்லாதே!

— எழுதிக்கங்க. அந்த ஃபோன் சந்தையில வாங்கினதில்லை, எங்க அண்ணன் ஷேர் ஆகா கொடுத்தனுப்பினது. இப்பக் காபூல்ல, இந்தத் திரைக்கு முன்னாலதான் உக்காந்திருக்கான். அவனும் இந்த மண்ணுல பிறந்தவன்தான். வேணும்னா பன்னெண்டு பேர் ரேகை வைப்பாங்க.