நாற்பதாம் பெட்டி

– கையை எடுங்க மாமா, மைக்ராஸ்கோப்புல கண்ணை மட்டும் வைங்க.

– வச்சாச்சு சின்னவளே. ஒரே மஞ்சளா இருக்கு, வேற ஒண்ணும் தெரியலையே.

– பக்கத்துல இருக்கிற திருகைத் திருப்புங்க. மெதுவா! அது உங்க துளை போடற மெஷின் இல்லை.

– அட... உருண்டையா ஏதோ தெரியுது. சுத்தி முள்ளு முள்ளா. இதுவா கல்லுக்குள்ள இருந்துது?

– நீங்க பதினோரு வருஷம் முன்னாடி துளை போட்டு எடுத்தீங்களே, அந்தக் கல்லுக்குள்ளதான். நாற்பதாம் பெட்டி. ஒரு துண்டை அமிலத்துல போட்டேன். கல்லு கரைஞ்சு போச்சு, இது மிஞ்சிச்சு.

– ஏதாவது விதையா?

– விதைங்கற சமாச்சாரம் வர்றதுக்கே இன்னும் நூறு கோடி வருஷம் ஆகணும். இது ஒரே ஒரு செல். ஆனா சாதாரண பாக்டீரியா இல்லை. அதால இப்படி முள்ளு வச்ச சுவர் எழுப்ப முடியாது. உள்ள உட்கரு இருந்திருக்கணும். மரம், மீனு, நீங்க, நான், எல்லாரும் இந்த வம்சம்தான்.

– நான் எடுக்கறப்போ வெறும் கறுப்புக் கல்லும்மா. எண்ணெய் இல்லைன்னதும் கம்பெனிக்காரன் குடோன்ல தூக்கிப் போட்டான். அதுக்குள்ள ஒரு வம்சமே குடியிருந்துதா? சரி, இதைக் காட்டவா கூப்பிட்ட? போன்ல உன் குரலே சரியில்லைன்னு உங்கக்கா புலம்பறா.

– இது இல்லை, இதோ இந்தப் பாதிக் கல்லு, அதே நாற்பதாம் பெட்டியோடது. நேத்துதான் முதல் தடவையா ஒண்ணை நீளவாக்குல அறுத்தேன். அம்புக்குறி நீங்க போட்டதுதானே?

– என் கைதான். அம்பு காட்டற பக்கம் கீழ்ப்பக்கம்.

– ஒரு வாளியில சேத்துத் தண்ணி வச்சா முதல்ல எது அடியில போகும்?

– மணல். நைசான சேறு அப்புறமாத்தான் படியும். இதை என்கிட்ட கேக்கறியா?

– கடல்லயும் அதேதான். இந்த இடம் அப்போ கடலுக்கடியில ஒரு பெரிய பள்ளம். ஒவ்வொரு வெள்ளமும் அடிச்சுக்கிட்டு வந்தது ஒரு அடுக்கு. அடியில மணல், மேல சேறு. இப்போ கல்லைப் பாருங்க.

– ...மணல் மேல இருக்கு.

– எல்லா அடுக்கிலயும்.

– கதவைச் சாத்து.

– ஏன் மாமா?

– சாத்தேன், சொல்றேன். அந்தப் பெட்டி லாரியிலேருந்து விழுந்துது.

– என்னது?

– மறுநாள் உன் கல்யாணம். மூத்த மாப்பிள்ளை இல்லாம எப்படின்னு உங்கப்பா போன் மேல போன். அவசரத்துல லாரியோட பின்கதவைக் கொக்கி போடாம விட்டுட்டேன். கல்லெல்லாம் ரோட்டுல சிதறிச்சு. நானே உக்காந்து உடைஞ்ச விளிம்பை விளிம்போட பொருத்தி அடுக்கினேன். அழிஞ்ச அம்பை மறுபடி போட்டேன்.

– யார்கிட்டயும் சொல்லலையா?

– சொல்லியிருந்தா அன்னிக்கே வேலை போயிருக்கும். உங்கக்காவுக்குக் கூடத் தெரியாது.

– ரெண்டு வருஷ உழைப்பு மாமா! இன்னும் ஆழத்துல, தொண்ணூறாம் பெட்டியில, எரிமலைச் சாம்பல் ஒரு அடுக்கு இருக்கு. அதோட வயசு நூத்தறுபது கோடின்னு கணக்குப் பண்ணியாச்சு. இந்த உயிர் அதுக்கு மேல இருக்கு, அதனால சாம்பலை விட இளசுன்னு கட்டுரை எழுதிட்டேன். திங்கட்கிழமை அனுப்பணும். ரோட்டுல பொறுக்கின கல்லைக் காட்டினா எவன் நம்புவான்?

– என் பேரைப் போட்டு எழுதிடு. இந்த ஆளு கலைச்சுட்டான்னு.

– பேரைப் போட்டா போன கல்லு திரும்பி வருமா?

– வராது. ஆனா ஒண்ணு கேக்கறேன். விழுந்தது அந்த ஒரு பெட்டிதான். மத்ததை அறுத்துப் பாத்தியா?

– இல்லை. மத்ததெல்லாம் பொடியாக்கிக் கரைச்சதோட சரி.

– அப்போ பன்னெண்டாம் பெட்டியைக் கொண்டா. அது என் கண்ணு முன்னாடியே இறங்கினது. மெஷினைப் போடு, நான் பிடிச்சுக்கறேன்.

– கண்ணாடியை மாட்டுங்க முதல்ல. தண்ணியைத் திறந்து விடுங்க... போதும், நிறுத்தறேன்.

– தொடச்சுப் பாரு.

– மணல் மேல.

– அறுபதாம் பெட்டி?

– இருங்க... இதுலயும் மேலதான். மாமா, நிஜமா ஒரு பெட்டிதான் விழுந்துதா?

– உன் மேல ஆணையா. சரி, என்னை விடு. ஆத்துக்கு அந்தப் பக்கம் வேற ஆளுங்க ஒரு துளை போட்டாங்களே, அவனுங்க கல்லு இருக்கா?

– கடைசி அலமாரியில இருக்கு. ...பிடிங்க, ஆடாம பிடிங்க.

– தொடச்சுட்டியா? என்ன தெரியுது?

– இதுலயும் மேல.

– அதெப்படி? ரெண்டு ஊர் ஆளுங்க சேந்து, நூறு பெட்டியையும் தலைகீழா வைப்பாங்களா?

– வைக்க மாட்டாங்க. யாருமே தலைகீழா வைக்கலை. நீங்களும்தான். ரோட்டுல பொறுக்கினதைக் கூட ஒரு துண்டு மாறாம அடுக்கியிருக்கீங்க.

– அப்போ மணல் எப்படி மேல போச்சு?

– தரையே புரண்டிருக்கு மாமா. மலை எழும்பறப்போ பக்கத்துலேருந்து நெருக்கித் தள்ளும். போர்வை மாதிரி பாறை மடிஞ்சு விழும். மேல் மடிப்பு காலப்போக்குல தேஞ்சு போச்சு. மிஞ்சினது கீழ் மடிப்பு, அது குப்புறக் கிடக்கு. நீங்க துளை போட்டது அதுலதான்.

– பதினோரு வருஷமா அந்த ரோட்டுப் பக்கமே நான் வண்டியைத் திருப்பினதில்லை, தெரியுமா?

– உக்காருங்க. தண்ணி குடிங்க.

– குடிக்கறேன். ஆமா, தரை குப்புறக் கிடக்குன்னா, கீழ இருக்கிற அந்தச் சாம்பல்?

– ஐயோ, அதை நான் யோசிக்கவே இல்லையே.

– என்னம்மா? கட்டுரை போச்சா?

– போச்சு, முழுசா மாத்தி எழுதணும். இதுங்க இளசு இல்லை, சாம்பலை விடப் பழசு. சாம்பலுக்கு மேல இதுங்க வாழலை மாமா. வாழ்ந்துக்கிட்டிருந்த இதுங்க மேலதான் சாம்பல் விழுந்திருக்கு.