பூ அறையின் குளிர்

உங்கள் அறையில் ஏசியை இருபதில் வைத்திருக்கிறீர்கள். அவ்வளவு தேவையில்லை, மகளே. இருபத்தாறில் வைத்துவிட்டு, ஒரு மின்விசிறியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிவிட்டால் அறை முழுக்கச் சீராகக் குளிரும். மெஷினும் நீண்ட நாள் உழைக்கும். லம்பாங் வெயிலில் கஞ்சாச் செடியைப் பூக்க வைத்தவள் சொல்கிறேன், நம்பலாம்.

காபி வேண்டாம். தண்ணீர் போதும்.

போலீஸ்காரர்கள் நீங்கள், தவினைப் பற்றி ஊரில் விசாரித்திருப்பீர்கள். எல்லோரும் நல்லவிதமாகத்தான் சொல்லியிருப்பார்கள். என் கணவரைப் பிடிக்காதவர் இந்த வட்டாரத்தில் இல்லை. லாரி ஓட்டினார். வண்டியை எங்கே நிறுத்தினாலும் நாலு பேர் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருப்பார்கள். சாயங்காலம் எங்கள் வாசலில் பாய் விரித்து, ஐஸ் வாளியும் பீருமாக நண்பர்களோடு உட்கார்ந்துவிடுவார். பொரித்த பன்றித்தோலும் பச்சைமிளகாய்த் துவையலும் கொண்டுபோய் வைப்பது என் வேலை. குனிந்து தட்டை வைக்கும்போது என்னைப் பற்றி ஒரு கதை சொல்வார். நான் மோட்டார் சைக்கிள் பழகப்போய் பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டுக்குள் புகுந்த கதை. கோழிகள் என்ன பேசிக்கொண்டன என்று குரல் மாற்றி நடித்துக் காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அப்புறம் அடுப்படிக்குத் திரும்பிவிடுவேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அடுப்படியில் பேச்சுத்துணைக்கு யாரும் கிடையாது.

சரக்கின் மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது விழுந்தார். கழுத்தில் அடி. கைகளைக் கொஞ்சம் தூக்குவார், விரல்கள் மடங்காது. மார்புக்குக் கீழே ஒன்றுமில்லை. வாய் மட்டும் அப்படியே இருந்தது. முதலில் நண்பர்கள் கூட்டமாக வந்தார்கள், கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. இனி என்னிடம்தானே பேசியாக வேண்டும் என்று நினைத்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும், உணர்ச்சியே இல்லாத கால்களில் அவருக்கு எரிச்சல் இருந்தது. மருத்துவமனை மாத்திரை கேட்கவில்லை. கஞ்சா எண்ணெய் தடவினால், நாக்கில் இரண்டு சொட்டு விட்டால் தணியும் என்றார்கள். தாய்லாந்து முழுக்கக் கஞ்சாச் சட்டம் தளர்ந்திருந்த சமயம். பின்கட்டில் இரண்டு தொட்டி வைத்தேன். ஒன்றைப் பூச்சி தின்றது. மற்றதை மழை அழுக வைத்தது. அதனால் பின்னறையைக் காலி செய்து, சுவரெல்லாம் வெள்ளைத்தாள் ஒட்டி, எல்ஈடி விளக்குத் தட்டுகளைத் தொங்கவிட்டேன். பழைய ஏசி ஒன்றும் மாட்டினேன். எல்லாம் அவருக்காகத்தான். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் விளக்கைப் போட்டதும் கதவிடுக்கு வழியாக வெளிச்சம் அவர் அறை வரைக்கும் விழுந்தது.

"என்ன கிழவி, வீட்டுக்குள்ள கோயில் திருவிழாவா?"

"உங்க மருந்துதான் வளருது."

"எனக்கும் இப்படி ஒரு லைட்டக் கட்டித் தொங்கவிட்டிருந்தா இந்நேரம் எந்திருச்சு நின்னிருப்பேன்."

சிரித்தேன். நன்றாக இருந்த நாட்கள் அவை.

செடி எப்படி வளரும் என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. இலை கொஞ்சம் துவண்டால் தண்ணீர் கேட்கிறது. நுனி சுருண்டால் விளக்கு ரொம்பக் கிட்டே இருக்கிறது. எது கேட்டாலும் கொடுத்துவிடலாம், கொடுத்த மறுநாளே பதிலும் சொல்லிவிடும். காலையில் கதவைத் திறந்தால் எல்லா இலைகளும் கைநீட்டிக்கொண்டு நிற்கும். அப்படி யாரும் எனக்காகக் காத்து நின்றதில்லை.

பூக்களைப் படமெடுத்து, வளர்ப்பவர்களின் லைன் செயலிக் குழுவில் போட ஆரம்பித்தேன். முகம் தெரியாத ஆட்கள். "அம்மா புவாலா, என் செடி மஞ்சளடிக்குது, என்ன பண்றது?" என்று நாடு முழுவதிலுமிருந்து கேட்பார்கள். சியாங்மாயில் கடை வைத்திருக்கும் கெங் என்பவர் ஒருநாள் நேரிலேயே வந்தார். பூவை மோந்துபார்த்துவிட்டுக் கைகூப்பிக் கும்பிட்டார். "அம்மா, சோங்க்ரான் தண்ணிப் பண்டிகை முடிஞ்சதும் எங்க ஊர்ல கண்காட்சி. உங்க பூவக் கண்ணாடிப் பெட்டியில வைக்கறேன். கீழ உங்க பேரு பெருசா இருக்கும். நீங்களும் வரணும், பக்கத்துல நின்னு நாலு வார்த்தை பேசணும்" என்றார். நான் பேசுவதைக் கேட்க ஒரு கூட்டம்.

தவினிடம் சொன்னேன். "கோழிக்கூண்டுக் கதையச் சொல்லு. கைதட்டுவாங்க" என்றார்.

சித்திரை வெயில் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரைக்கு அடியில் கையை மேலே தூக்கினாலே அடுப்புக்கு மேல் நீட்டியது போலிருக்கும். பூ முற்றும் கடைசி வாரங்களில் அறை சூடானால் எல்லாம் போச்சு. மொட்டு பஞ்சுபோல உப்பிவிடும், வாசனை ஓடிவிடும். எங்கள் வீட்டு மீட்டர் சின்னது. விளக்குகள் எரியும்போது அவர் அறை ஏசியையும் பூ அறை ஏசியையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். பெரிய மீட்டருக்கு எழுதிக் கொடுத்திருந்தேன், பண்டிகை விடுமுறை கழித்து வரச்சொன்னார்கள். விளக்கை இரவில் எரித்திருக்கலாமே என்று கெங் பின்னால் கேட்டார். பூ வந்த செடிக்குப் பகலையும் இரவையும் மாற்றினால் அது குழம்பிப்போகும். அவருக்கே அது தெரியும்.

முதல் தடவை பிரேக்கர் விழுந்தபோது அவர் அறையிலிருந்து குரல் வந்தது.

"செத்தது யாரு, நானா செடியா?"

"பிரேக்கருங்க. ரெண்டு ஏசி தாங்காது. ஒண்ணுதான் போட முடியும்."

"அப்ப செடிக்கே போடு. நான் என்ன பூக்கவா போறேன்?"

அவர் வாயாலேயே சொன்னது. நான் கேட்டு வாங்கவில்லை.

மறுநாள் மதியம், "சரி, விளையாட்டு போதும், போடு" என்றார். இன்னும் கொஞ்ச நாள்தான் என்றேன். ஈரத்துண்டு போட்டேன், ஐஸ் வாங்கிவந்து தலைமாட்டில் வைத்தேன். துண்டு காயக் காய நனைத்தேன். நான் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவர் பக்கத்திலிருந்த மின்விசிறியை எடுத்தது அதற்கப்புறம். பூ அறையில் இருந்த சின்ன விசிறிகளின் காற்று போதவில்லை, மொட்டுக்குள் பூஞ்சை பிடிக்கிற நிலைமை. வீட்டில் நல்ல விசிறி அது ஒன்றுதான். அவர் கட்டிலருகே ஜன்னல் இருந்தது. ஜன்னல் இருக்கிறவர்களுக்கு விசிறி இல்லாமலும் ஒப்பேற்றலாம்.

சோங்க்ரான் தொடங்கியது. தண்ணீர்ப் பீப்பாய்களும் பாட்டுமாகப் பிக்கப் வண்டிகள் தெருவில் போய்க்கொண்டிருந்தன. தவின் ஜன்னல் வழியாகக் கத்தினார். "டேய், நனையாத ஆள் ஒருத்தன் இங்க கெடக்கறேன்டா! காசு வாங்கிக்கிட்டுத்தான் ஊத்துவீங்களோ?" ஒரு வண்டி நின்றது. பையன்கள் இறங்கி வந்து, கும்பிட்டுவிட்டு, ஜன்னல் கம்பி வழியாக ஐஸ் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினார்கள். நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்தபோது கட்டில் முழுக்க வெள்ளம். அவர் வாயைத் திறந்து தண்ணீரைக் குடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். "இன்னொரு வாளி! தலைல, தலைல!" அந்தச் சிரிப்பை நான் மூன்று வருடமாகக் கேட்டதில்லை. பையன்களும் சிரித்தார்கள். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "அதோ வந்துட்டா பாரு, கோழிக்கூண்டு டிரைவர்" என்றார்.

பையன்களை அனுப்பினேன். மெத்தையை மாற்றினேன். ஈரத்தில் படுத்தால் முதுகில் புண் வரும். ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

"தொறந்து வை" என்றார்.

"திரும்பியும் ஊத்திருவாங்க."

"ஊத்தட்டும். அதுக்குத்தான் சொல்றேன்."

தரையைத் துடைக்க ஆரம்பித்தேன். அந்த ஈரம் வீடெல்லாம் பரவினால் பூ அறைக்கும்தான் வரும்.

அடுத்த நாள் காலை அவருடைய தங்கை மகன் சக்தா மல்லிகைத் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்க வந்தான். வருடம் தவறாமல் வருகிறவன். கிண்ணத்திலிருந்து மாமன் கைகளில் ஊற்றினான். தவின் வழக்கம்போல வேடிக்கை பேசவில்லை. "தலைல ஊத்துடா" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

சக்தா வெளியே வந்து என்னிடம் கேட்டான். "அத்தை, மாமா ஒடம்பு நெருப்பாக் கொதிக்குது. ஒரு பொட்டு வேர்வை இல்லையே?"

"அவருக்கு மார்புக்குக் கீழ வேர்க்காதுப்பா. அடிபட்டதுல இருந்தே அப்படித்தான்."

இது எனக்குத் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போதே நர்ஸ் உட்காரவைத்துச் சொன்னாள். இவருக்கு வேர்வை போய்விட்டது, உடம்பு தானாகக் குளிராது, வெயில் காலத்தில் நீங்கள்தான் குளிர்விக்க வேண்டும் என்று. அவர் அறைக்கு ஏசி வாங்கியதே அதனால்தான்.

சக்தா பூ அறைக் கதவைத் திறந்து பார்த்தான். குளிர்காற்று வெளியே வந்தது. "இங்க ஜில்லுனு இருக்கே. நானும் என் பொண்டாட்டியுமாத் தூக்கி மாமாவ இங்க போட்டுறவா? ஒரு நிமிஷ வேலை."

வேண்டாம் என்றேன். "வெயில் இறங்கினதும் ஏசியை மாத்திப் போட்டுருவேன். நீ கதவைச் சாத்து, குளிர் போகுது."

அவன் சாத்தினான். இத்தனை வருடம் மலமூத்திரம் அள்ளியவளிடம் யார் எதிர்த்துப் பேசுவார்கள்? மனைவியின் ஊருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டான். அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவன் கேட்டான், நான் மறுத்தேன்.

ஏன் மறுத்தீர்கள் என்று நீங்கள் கேட்டபோது, மூச்சுக்காற்றின் ஈரம் பூவுக்கு ஆகாது என்றேன். ஈரம் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் நானும் நாள்முழுக்க அங்கேதான் இருக்கிறேன், எனக்கும் மூச்சு உண்டு. அந்த அறைக்குள் அவர் வந்தால் செடிகளைப் பற்றியும் ஒரு கதை கட்டுவார். கெங் வரும்போது சொல்வார். கெங்கும் சிரிப்பார். அவ்வளவுதான் காரணம். இப்போது சொல்லிப் பார்த்தால் சின்னதாகத் தெரிகிறது. அப்போது சின்னதாகத் தெரியவில்லை.

சக்தா போன பிறகு அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, பூ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பழுத்த இலைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன்.

அவர் கூப்பிட்டது கேட்டதா என்று இரண்டு முறை கேட்டீர்கள். விசிறிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். கேட்டது.

முதலில் வெறும் சத்தமாகத்தான் கேட்டது. அப்புறம் "புவாலா" என்றார். கல்யாணமான புதிதில் ஒருவேளை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம், எனக்கு ஞாபகமில்லை. நான் விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். கதவருகே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். "புவாலா, எங்க இருக்க? கொஞ்சம் வாயேன்" என்றார். கேலியே இல்லாத குரல். "நீ இல்லாம எனக்கு யாரு இருக்கா, புவாலா" என்றார். இதையெல்லாம் மனதுக்குள் எத்தனையோ வருடமாக அவர் குரலில் நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மையில் சொல்லும்போது இன்னும் மெல்லியதாக இருந்தது.

எழுந்து போயிருக்கலாம். பத்தடி கூட இல்லை. ஆனால் போய் ஏசியைப் போட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உடம்பு குளிர்ந்ததும் "எங்கடி போய்த் தொலைஞ்ச கிழவி" என்பார். அதனால் உட்கார்ந்திருந்தேன். அவர் கூப்பிடக் கூப்பிட, உள்ளே இருந்தபடியே, அவருக்குக் கேட்காதபடி, "இதோ இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று மதியம் எனக்குத் தனிமையாகவே இல்லை.

பேச்சு குழறியது. அப்புறம் பெயரில் பாதி மட்டும் வந்தது. அதுவும் நின்றது. என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிந்தது. நர்ஸ் சொன்னதும் ஞாபகமிருந்தது. யாரும் என்னைத் தடுக்கவில்லை, கதவு வெளியில் பூட்டப்படவுமில்லை. என் கணவரைக் கொன்றது வெயில் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும், மகளே. சத்தம் நின்ற பிறகும் வெகுநேரம் நான் கதவில் காதை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் இன்னும் ஒரே ஒரு முறை கூப்பிட்டிருந்தால், நான் போயிருப்பேன்.