முதல் வரிசையில் சங்கரபாண்டி

...பந்தி ரெடின்னு அங்க இருந்து கையைக் காட்டுறாங்க. தெரியுது, தெரியுது. இலை போடுறதுக்குள்ள மணமக்களுக்கு ஒரு கதை சொல்லிட்டு இறங்கிடுறேன். சின்னக் கதைதான்... கேளுங்க.

கோவில்பட்டியில செண்பகவல்லின்னு ஒரு அம்மா. ஜெராக்ஸ் கடை வச்சிருக்காங்க. வீட்டுக்காரர் பேரு சங்கரபாண்டி. மஸ்கட்ல ஏசி மெக்கானிக்கா ஏழு வருஷம் வேலை பார்த்துட்டு, போதும்டா சாமின்னு ஊரோட வந்துட்டாரு. தங்கமான மனுஷன். ஆனா வந்ததுல இருந்து அவருக்கு ஒரே ஒரு குறை. வீட்டுல ஒரு பாட்டு ஓடிக்கிட்டே இருக்கு. சோறு பொங்கும்போதும் அதே பாட்டு, துணி மடிக்கும்போதும் அதே பாட்டு. யாரு இதுன்னு கேட்டா, 'ஈரமணல்'னாங்க. தூத்துக்குடிப் பையங்க நாலு பேரு சேர்ந்து நடத்துற மியூசிக் பேண்ட். பாடுறவன் பேரு கிளீட்டஸ்.

சங்கரபாண்டிக்கு அந்தப் பேரைக் கேட்டாலே ஆகல. ஏன் ஆகல? கட்டின பொண்டாட்டி, சொந்தக்காரங்க மத்தியில வச்சு 'எங்க கிளீட்டஸ்'னு சொன்னா யாருக்குத்தான் ஆகும்?... சிரிக்கிறீங்க. உங்க வீட்டுல ஒரு தடவை சொல்லிப் பாருங்க, அப்புறம் தெரியும்.

அந்த கிளீட்டஸுக்கு நடுவுல தொண்டையில ஆபரேஷன். ரொம்ப நாள் பாடல. இனிமே அவன் அவ்வளவுதான்னு எல்லாரும் பேசி முடிச்சிட்டாங்க. அப்பதான் அறிவிப்பு வருது... மதுரையில நிகழ்ச்சி, அவனே பாடுறான். செண்பகவல்லிக்கு இருப்புக்கொள்ளல. துணைக்கு வாங்கன்னு வீட்டுக்காரரைக் கூப்பிட்டாங்க. அவரு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு, அந்தச் சத்தத்துல நான் எதுக்குன்னாரு, கால் வலிக்கும்னாரு... கடைசியில வந்தாரு. எப்படி வந்தாரு? போற வழியில மருந்துக்கடையில பஞ்சு வாங்கி, ரெண்டு காதுலயும் அடைச்சுக்கிட்டு வந்தாரு.

மத்தியானமே போய் நின்னு முதல் வரிசையில இடம் பிடிச்சாச்சு. நெஞ்சுல இடிக்கிற மாதிரி ஒரு கம்பித் தடுப்பு, அதைத் தாண்டினா மேடை. எட்டிக் கையை நீட்டினா கிளீட்டஸ் செருப்பைத் தொட்டுடலாம். பொழுது சாயுது, விளக்கெல்லாம் எரியுது, நாலு பையங்களும் வந்து நிக்கிறாங்க. கூட்டம் போடுற சத்தத்துல தரையே அதிருது. ஆனா செண்பகவல்லி மட்டும் கத்தல. பின்னாடி நிக்கிறவங்களுக்குத் தெரியாத ஒண்ணு அவங்களுக்குத் தெரியுது. கிளீட்டஸ் மைக்கைத் தள்ளிப் பிடிச்சுக்கிட்டு... தொண்டையைத் தடவித் தடவிப் பார்த்துக்கிறான்.

ரெண்டு மூணு பாட்டு எப்படியோ போயிருச்சு. அப்புறம் அந்தப் பாட்டு. இவங்க வீட்டுல ஓடுற அதே பாட்டு. பல்லவி வந்துச்சு, முதல் சரணம் வந்துச்சு... ரெண்டாவது சரணம் வரல. மறந்துட்டான். டிரம்ஸ் அடிக்கிற பையன் சுத்திச் சுத்தி அதே தாளத்தைப் போடுறான். கிளீட்டஸ் கூட்டத்தைப் பார்க்குறான். எங்க பார்த்தாலும் தூக்கிப் பிடிச்ச செல்போன்... முகமே இல்ல. கண்ணைத் தாழ்த்துறான். முதல் வரிசையில ஒரு முகம் இருக்கு. அதோட உதடு அசையுது.

'விளக்க அணைச்சிடாதே... நான் வழியிலதான் இருக்கேன்...'

அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்து மைக்கை அவங்க பக்கம் நீட்டிட்டான். செண்பகவல்லி கண்ணை மூடிக்கிட்டுப் பாடுனாங்க. நல்லாப் பாடுனாங்களா? இல்லீங்க. குரல் கரகரங்குது, சுருதி எங்கயோ போகுது. ஆனா ஒரு வார்த்தை தப்பல. ரெண்டாவது வரியில கிளீட்டஸ் சேர்ந்துக்கிட்டான். மூணாவது வரியில மைதானமே சேர்ந்துக்கிச்சு.

நீங்க எல்லாரும் இப்ப மேடையையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. சங்கரபாண்டி என்ன பண்றாரு?

பஞ்சை எடுத்துட்டாரு. இத்தனை மாசமா வீட்டுல ஓடுன பாட்டை, அன்னைக்குத்தான் முதல் தடவையா வார்த்தை வார்த்தையா கேட்குறாரு. வழியில இருக்கிறது யாரு? விளக்கை அணைக்காம உட்கார்ந்திருந்தது யாரு?... மேடையில அவ்வளவு வெளிச்சம். அந்த மனுஷன் அதுக்கு அப்புறம் மேடைப் பக்கமே திரும்பல. பொண்டாட்டி முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னாரு.

ஊருக்குத் திரும்புற பஸ்ல மெல்லக் கேட்டாரு. "அந்தப் பாட்டை எப்ப இருந்து கேட்குற?"

அவங்க சொன்னாங்க: "நீங்க முதல் லீவு முடிஞ்சு திரும்பிப் போனீங்கல்ல... அன்னையில இருந்து."

அப்புறம் ஒவ்வொண்ணா வருது. புள்ளைக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில கிடந்தது, கடைக்குள்ள மழைத்தண்ணி புகுந்து மிஷின் போனது, தனியாப் பயந்துக்கிட்டுப் படுத்தது... எதுவுமே அவருக்குத் தெரியாது. மனுஷன் ஆடிப்போயிட்டாரு.

"தினமும் போன் பண்ணுனேனே வல்லி. ஏன் ஒண்ணுகூடச் சொல்லல?"

"தினமும் சாப்பிட்டியா, தூங்குனியான்னு கேட்டீங்க. நானும் சாப்பிட்டேன், தூங்குனேன்னு சொன்னேன்."

கோபமாச் சொல்லல, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. அவருக்குத்தான் சிரிப்பு வரல. அவர் கையை எடுத்துத் தன் மடியில வச்சுக்கிட்டு, மிச்சத்தையும் சொன்னாங்க. சாத்தூர் வந்தது தெரியல, கோவில்பட்டி வந்ததும் தெரியல. கண்டக்டர் வந்து எழுப்புற மாதிரி தட்டித்தான் இறக்கி விட்டாரு. இப்ப எந்த வீட்டுக்கு ஏசி மாட்டப் போனாலும் சங்கரபாண்டி வாயில ஈரமணல் பாட்டுதான். பொண்டாட்டியை விட மோசமாப் பாடுறாராம்.

மணமக்களே... இதை எதுக்குச் சொன்னேன்? இன்னையில இருந்து நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல, பக்கத்துல பக்கத்துல இருக்கப் போறீங்க. பக்கத்துல இருந்துட்டா எல்லாம் தெரிஞ்சிரும்னு நினைச்சிராதீங்க. தெரியாது. கேட்கணும். சாப்பிட்டியான்னு கேளுங்க, கட்டாயம் கேளுங்க. ஆனா அதோட நிறுத்திராதீங்க. உனக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்னு கேளுங்க. ஏன் பிடிக்கும்னு கேளுங்க. மாப்பிள்ளை, இன்னைக்கே கேளுங்க. அம்மாடி, நீயும் கேளு. அவருக்கும் யார்கிட்டயும் சொல்லாத ஒரு பாட்டு இருக்கும். கேட்டுட்டு, குறுக்க பேசாம உட்காருங்க. பதில் எவ்வளவு நீளமா வருதோ... அவ்வளவு நல்லா இருப்பீங்க.